காற்றுக்கு ஊற்றிய ஸ்பிரிட்

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் அப்போது இரண்டு நீக்கிலாஸ்கள் இருந்தார்கள். ஒருவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவர் வெட்டுற நீக்கிலாஸ். மற்றவர் நகரத்தின் விளிம்பில் லொறிகளும் கார்களும் கழுவும் மண்டபத்தில் வேலை செய்தார். அவர் கழுவுற நீக்கிலாஸ். முகத்துக்கு நேரேயே அப்படிக் கூப்பிடுவார்கள். இருவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

கழுவுற நீக்கிலாஸ் அண்ணைக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. திருகோணமலைப் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு, கழுத்துவரை இழுத்துப் பூட்டிய நீல நிற வேலைச் சட்டை, எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும் கைகள். எங்கள் சபையில் ஞாயிறுதோறும் திருவிருந்துத் தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக வருபவர் அவர்தான். பெரிய பேச்சுக்காரர் அல்ல. ஆனால் தன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் கதைப்பார், அதிலும் குளிர்காலத்து வேலையைப் பற்றி என்றால் நிறையவே கதைப்பார்.

கார் கழுவும் இடத்துக்குக் குளிர்காலம் ஒரு சத்துரு என்பது அவருடைய சொல். நுரை விடும் குழாய், மெழுகு விடும் குழாய், வெறும் தண்ணீர் விடும் குழாய் எல்லாவற்றுக்குள்ளும் எந்நேரமும் ஏதாவது திரவம் நிற்கும். உறைபனி வந்தால் அது கட்டியாகிக் குழாயைப் பிளந்துவிடும். அதனால் மாலையில் மண்டபத்தைப் பூட்டும் முன் அவர் தண்ணீரை நிறுத்தி, குழாய்களுக்குள் கொம்பிரசரின் காற்றை விட்டு, தண்ணீர் பீச்சும் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து, உள்ளே நிற்பதையெல்லாம் ஊதி வெளியேற்றுவார். முதலில் தண்ணீர் வரும், பிறகு துப்பும், பிறகு புகைபோல வரும், கடைசியில் வெறும் காற்று. வெறும் காற்று வரும் வரைக்கும் கையை எடுக்கக்கூடாது. அதன்பின் நுரைத் தாங்கிக்குள் உறையாத் திரவத்தைக் கலந்து குழாய்க்குள் இழுத்து நிறுத்திவிட்டு வருவார்.

காற்றுக் குழாய் அதைவிடச் சிக்கலானது. அந்த மண்டபத்தில் கதவைத் தூக்குவதும், வால்வுகளைத் திறந்து மூடுவதும் காற்றுத்தான். வெளியே இருந்து உள்ளே இழுக்கும் காற்றில் ஈரம் இருக்கும். அது குளிர்ந்த சுவரோடு ஓடும் குழாய்க்குள் தண்ணீராகி உறைந்தால் கதவு பாதியில் நிற்கும், வால்வு ஒட்டிக்கொள்ளும். அந்த ஈரத்தை எடுக்கவென்று ஓர் உலர்த்தி இயந்திரம் இருந்தது. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மார்கழியில் அது பழுதாகியது. வங்கிகள் ஆட்டம் கண்டிருந்த குளிர்காலம் அது. முதலாளி ஹென்னிங் புதிது வாங்கவில்லை. கழித்துப் போட்ட பழைய லொறி ஒன்றின் காற்று பிரேக்கிலிருந்து கழற்றிய ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து குழாயில் பொருத்தினார். அந்தக் கிண்ணத்துக்குள் ஸ்பிரிட் ஊற்றிவிட்டால், மேலே ஓடும் காற்று அதை ஆவியாக எடுத்துக்கொண்டு போகும். ஸ்பிரிட் கலந்த ஈரம் உறையாது.

"நீக், இந்த நத்தார்ப் பண்டிகைக்கு மெஷின்தான் குடிக்கப் போகுது. நானும் நீயும் கோப்பிதான்" என்றார் ஹென்னிங்.

நீக்கிலாஸ் அண்ணை சிரித்தார். ஹென்னிங்குக்கு அவருடைய பழைய கதை தெரியாது.

எங்களுக்குத் தெரியும். அவரே ஆண்டுதோறும் சபையில் சாட்சியாகச் சொல்வார். டென்மார்க்குக்கு வந்த புதிதில் அவர் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் மேசைகளுக்கு வார்னிஷ் அடித்தார். அங்கேதான் குடிக்கத் தொடங்கினார். மணக்கிறது என்று மனைவி செலீனா அக்கா கேட்கும்போதெல்லாம் "வார்னிஷ் மணம்" என்பார். செலீனா அக்கா அதை நெடுங்காலம் நம்பினார். அவருடைய சட்டைகளைத் தனியாகத் துவைத்தார். வார்னிஷ் சுவாசப்பைக்குக் கூடாது என்று வைத்தியரிடம் போகச் சொல்லி அழுதார். ஒருநாள் மகள் சோபனாவின் பாடசாலை விழாவில் அவர் நாற்காலியோடு விழுந்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. அந்த நாட்களில் போத்தல் கிடைக்காவிட்டால் ஜன்னல் துடைக்கும் ஸ்பிரிட்டைக்கூடத் தண்ணீர் கலந்து குடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு எங்கள் சபைக்கு வந்தார், ஃபியோர்ட் என்ற கடற்கழியின் குளிர்ந்த தண்ணீரில் ஞானஸ்நானம் எடுத்தார், குடியை விட்டார். அன்றைக்குச் செலீனா அக்கா, ஈரத் துவாயைப் பிழிந்துகொண்டே, "இனி ஒருக்கா எண்டா நான் சண்டை பிடிக்க மாட்டன். போயிடுவன். அவ்வளவுதான்" என்றாராம். பத்து வருடங்களுக்கு மேலாக அதைத் திரும்பச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் அவர்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அவருடைய ஒரே தங்கை மேரிசெலின் போர் நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து பேசினார். கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். பேசுவதற்கு வரிசையில் நின்றதாகவும் பின்னால் இன்னும் சனம் நிற்பதாகவும் சொன்னார். மேரிசெலின் கத்தோலிக்கர். அண்ணன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனதை எப்போதும் கேலி செய்பவர். "நீங்கள் கத்துற கத்தில ஆண்டவருக்குக் காது போயிடும் அண்ணை" என்பார். அன்றைக்குக் கேலி இல்லை.

"அண்ணை, உங்கட சபையில எங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கோ. எல்லாரையும் சொல்லுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"சொல்லுறன். பிள்ளையள் எங்க?"

"பங்கருக்குள்ள பதுங்கியிருக்கினம். வைக்கிறன் அண்ணை, ஆக்கள் நிக்கினம்."

அதன்பிறகு அவருடைய குரல் வரவில்லை.

எங்கள் சபையில் வன்னியில் ஆட்கள் இல்லாத வீடு ஒன்றிரண்டுதான் இருந்திருக்கும். பாஸ்டர் கிறிஸ்துராஜா சங்கிலி ஜெபம் அறிவித்தார். அவருடைய வீட்டில் ஒரு சிறிய அறையை அதற்கென்று ஒதுக்கினார். ஒருவர் முழங்காலில் நிற்க, அடுத்தவர் வந்து பக்கத்தில் முழங்காலிட்ட பிறகுதான் முதலாமவர் எழும்ப வேண்டும். சங்கிலி ஓரிடத்திலும் அறக்கூடாது. மேரிசெலினுக்குக் கொடுத்த வாக்கை நீக்கிலாஸ் அண்ணை இந்தச் சங்கிலியில்தான் வைத்திருந்தார். வேலை முடிந்து குளித்துவிட்டுப் போக நேரம் இருக்காது. வேலைச் சட்டையோடே போவார். அவருடைய முறைக்கு முந்திய முறையில் அந்த அறையில் நிற்பவர் தவமணி அக்கா. அவருடைய தம்பியும் தம்பியின் மனைவி பிள்ளைகளும் அதே கடற்கரைப் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

அந்த மாசியில் உறைபனி விடாமல் நின்றது. பூட்டும் நேரத்தில் நீக்கிலாஸ் அண்ணை கிண்ணத்தை நிரப்புவார். காற்றுத் தாங்கியின் அடியில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுவார். ஒவ்வொரு வால்வும் தும்மும்போது ஸ்பிரிட் ஆவி அவருடைய முகத்திலும் கழுத்துத் துணியிலும் அடிக்கும். அவருக்கு அது பழகிவிட்டது. பத்து வருடமாகத் தொடாதவருக்கு அந்த மணம் ஆசையைக் கிளப்பவில்லையா என்று பிற்பாடு செலீனா அக்கா கேட்டாராம். "தின்னர் மணந்தா பெயின்ரைக் குடிக்க மனம் வருமோ?" என்று திருப்பிக் கேட்டார் அவர்.

தவமணி அக்கா இரண்டு மூன்று நாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார். பிறகு ஒரு மாலை, அறைக்கு வெளியே சப்பாத்து மாட்டும் இடத்தில் அவரை மறித்தார்.

"நீக்கிலாஸ் அண்ணை, என்ன மணம் இது?"

"வேலையில காற்றுக் குழாய்க்கு ஸ்பிரிட் விடுறது தங்கச்சி. உறையாமல் இருக்க."

"காற்று உறையுமோ?"

"காற்று இல்லை. காற்றுக்குள்ள இருக்கிற தண்ணி."

தவமணி அக்கா அவருடைய சட்டைக் கழுத்தைக் காட்டினார். "நான் கனக்கப் படிக்கேல்லை அண்ணை. ஆனா காற்றுக்குச் சாராயம் பருக்கிற கதையை இண்டைக்குத்தான் கேக்கிறன்."

"சங்கிலி அறப்போகுது, நான் உள்ள போகவேணும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய் முழங்காலிட்டார்.

அந்த மணத்தைச் செலீனா அக்கா அதற்கு முன்பே கண்டுவிட்டார். அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். கை துடைக்கும் ஸ்பிரிட்டின் மணம் அவருக்கு அன்றாடம். கணவனின் சட்டையிலிருந்து வந்தது அதைவிடக் காட்டமானது. கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயத்தில் கேட்காமல் இருந்தார். தவமணி அக்கா தொலைபேசியில் இதைச் சொல்லி அழுத பிறகு கேட்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் பின்னாளில், நான் ஒடென்சே நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, செலீனா அக்காவே எனக்குச் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, மணக்குது."

"வேலை மணம்."

இந்த இரண்டு சொல்லும் வெளியே வந்த உடனேயே நீக்கிலாஸ் அண்ணைக்கு விளங்கிவிட்டது. எவ்வளவு விளக்கமாகச் சொன்னாலும் இனி அது பழைய பாட்டுத்தான். ஆனாலும் சொன்னார். உலர்த்தி பழுதானது, லொறிக் கிண்ணம், ஈரம், ஆவி எல்லாவற்றையும் மேசையில் விரலால் கீறிக் காட்டினார்.

"வார்னிஷுக்கும் இப்பிடித்தான் கீறிக் காட்டினீங்கள்" என்றார் செலீனா அக்கா.

"அப்ப பொய் சொன்னனான். இப்ப உண்மை."

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் கேக்குது."

"அப்ப வந்து பார் செலீனா. கண்ணால பார்."

அடுத்த சனிக்கிழமை அவர் வந்து பார்த்தார். அதுதான் எல்லாம் பிழையாய்ப் போன நாள். இரவோடிரவாக மேற்குக் காற்று திரும்பி மழை தூறிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து பனி உருகி வடிந்தது. உறையாத நாளில் ஸ்பிரிட் விடத் தேவையில்லை என்று நீக்கிலாஸ் அண்ணை காலையில் கிண்ணத்தை வெறுமையாக்கித் துடைத்து வைத்திருந்தார். அவருடைய வேலை எப்போதும் அப்படித்தான், சுத்தமாக இருக்கும். ஹென்னிங் சனிக்கிழமைகளில் வருவதில்லை. செலீனா அக்கா கண்டது காய்ந்த ஒரு கிண்ணமும், கொம்பிரசருக்குப் பின்னால் ஒதுக்கமாக, பாதி முடிந்த ஒரு பிளாஸ்டிக் ஸ்பிரிட் கானும்தான்.

"இது ஏன் பின்னுக்கு இருக்குது?"

"ஆக்கள் வந்து போற இடம். நெருப்புப் பத்தும். ஒதுக்கி வைக்கத்தானே வேணும்."

"பாதியைக் காணேல்லை."

"போன கிழமை முழுக்க உறைஞ்சதெல்லோ."

செலீனா அக்கா மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு இறுக்கி மூடினார், குழந்தை கைபட்டுத் திறந்துவிடாமல் மருந்துப் போத்தலை மூடுகிறவர்களைப் போல.

பாஸ்டர் நல்ல மனிதர். அவர் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டு, மெதுவாகத்தான் விஷயத்தைத் தொட்டார்.

"அண்ணை, இது லேசான அலுவல். உங்கட முதலாளியிட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது. எனக்கு டெனிஷ் தடக்கினாலும் எங்கட பிள்ளையள் ஆரும் கதைப்பினம்."

"வேண்டாம் பாஸ்டர்."

"ஏன்?"

"இவன் குடிக்கிறவனோ எண்டு நீங்கள் ஒருக்காக் கேட்டா, அவர் இல்லையெண்டுதான் சொல்லுவார். ஆனா நாளைக்கு விடிய என்னை மணந்து பார்ப்பார். லொறியை உள்ளுக்கும் வெளியிலும் எடுக்கிறது நான். இந்த வருசம் ஆளைக் குறைக்க ஒரு சாட்டுத்தான் தேடித் திரியினம்."

பாஸ்டர் தலையை ஆட்டினார். அவருக்கு அது நியாயமாகவும் பட்டது, ஓர் ஆள் ஒளிக்கிறதைப் போலவும் பட்டது. போகும்போது, "நான் உங்களை நியாயந்தீர்க்கேல்லை அண்ணை" என்றார். நியாயந்தீர்க்காதவர்கள் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை என்று செலீனா அக்கா நினைத்தாராம்.

அதற்குள் வன்னியில் சனம் நிற்கும் நிலம் சுருங்கிக்கொண்டு வந்தது. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் கண் வீங்கித்தான் வந்தார்கள். நாங்கள் கூடுவது டெனிஷ்காரரின் பழைய மிஷன் மண்டபம் ஒன்றில். அங்கே சுவர் வெப்பமூட்டி சூடாகவே ஆராதனை பாதி முடிந்துவிடும், அதனால் எல்லோரும் மேற்சட்டையோடு இருப்போம். மாசிக் கடைசி ஞாயிறு தவமணி அக்கா ஜெபிக்க எழும்பினார். தம்பியின் பெயரைச் சொன்னார், பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னார். பிறகு குரல் உடைந்தது.

"எங்களுக்குள்ள ஒரு மறைவான காரியம் தடையா நிக்குது ஆண்டவரே. இத்தனை பேர் முழங்கால் தேயக் கேக்கிறம், ஒண்டும் கேக்கப்படேல்லை. ஓராளின்ர காரியத்துக்காக அந்தச் சனத்தை விட்டுடாதேயும். அந்த ஆளைத் தொடும். அந்த ஆளைப் பேச வையும்."

அவர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. நீக்கிலாஸ் அண்ணை அப்பத் தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அறுபது பேர் ஒரே நேரத்தில் ஓராளைப் பார்க்காமல் இருப்பது எப்படிப்பட்டது என்று அன்றைக்குக் கண்டோம்.

கோபப்பட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். யாரும் கோபப்படவில்லை. தேநீர் குடிக்கும்போது ஒருவர் வந்து தோளில் கை வைத்தார். "அண்ணை, ஆரும் உங்களைக் குறை சொல்லேல்லை. இந்தச் செய்தியளைக் கேட்டுக்கொண்டு ஆர்தான் நிதானமா இருக்கிறது?" இன்னொருவர், "விழுறது பெரிசில்லை அண்ணை, எழும்பினாச் சரி" என்றார். வீட்டுக்கு உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவரை மன்னித்துவிட்டார்கள். செய்யாத ஒன்றுக்கு வந்த மன்னிப்பை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சங்கிலி ஜெபத்தில் தவமணி அக்கா இப்போது அவர் வந்து முழங்காலிட்டாலும் எழும்பிப் போவதில்லை. நீக்கிலாஸ் அண்ணையின் நேரத்திலும் பக்கத்திலேயே நின்று ஜெபித்தார். அவருடைய ஜெபம் மேலே போகாது, தன்னுடையதாவது போகட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். அது நீக்கிலாஸ் அண்ணைக்கும் விளங்கியது. அங்கே நின்றுகொண்டுதான் அவர் அந்த முடிவுக்கு வந்தார்.

அவர் யோசித்த விதம் இதுதான். நான் குடிக்கவில்லை, அது ஆண்டவருக்குத் தெரியும். ஆனால் இந்தச் சனம் என்னை நினைத்து நினைத்துத் தடக்குப்படுகிறது. ஜெபிக்க வாயைத் திறந்தால் வன்னி வருவதற்கு முன் நான் வந்துவிடுகிறேன். தடை என்று ஒன்று உண்மையிலேயே இருந்தால், அது என் குடியல்ல, இவர்களுடைய சந்தேகம். அதை எடுக்க ஒரு வழிதான் இருக்கிறது. மேரிசெலின் வேறொன்றும் கேட்கவில்லை. ஜெபம் மட்டும்தான் கேட்டாள்.

பங்குனி முதல் ஞாயிறு, பாட்டு முடிந்த கையோடு, அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"நான் குடிச்சனான்" என்றார். "திரும்பக் குடிச்சனான். கேட்டவைக்கு வேலை மணம் எண்டு பொய் சொன்னனான். சபை என்னை மன்னிக்கவேணும்."

டென்மார்க்கில் பிறந்த பிள்ளைகளுக்காகப் பின்வரிசையிலிருந்து டெனிஷில் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்த நான்கு வசனங்களும் மிகச் சுலபமானவை.

மண்டபம் வெடித்ததுபோல் இருந்தது. பாஸ்டர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். தவமணி அக்கா அவருடைய கைகள் இரண்டையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதார். எல்லோரும் எழுந்து நின்று வன்னிக்காக ஜெபித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் அப்படி ஒரு ஜெபம் அதற்கு முன்னால் நடக்கவில்லை. நீக்கிலாஸ் அண்ணையும் கண்ணை மூடி ஜெபித்தார். தங்கை இந்த நேரம் எங்கே இருந்தாலும் இது போய்ச் சேரும் என்று நம்பினார். முழுமையாக நம்பினார்.

கண்ணைத் திறந்தபோது, கடைசி வரிசையில் செலீனா அக்காவின் இடம் வெறுமையாக இருந்தது.

வீட்டில் அவர் சண்டை பிடிக்கவில்லை. குரலை உயர்த்தவில்லை. ஒரு பெட்டியில் உடுப்புகளை வைத்தார். மரக்கறிக் கறியைச் சூடாக்கி மூடி வைத்தார். "சோபனா ஒடென்சே ஸ்டேசனுக்கு வருவாள். அங்க எங்கட முதியோர் இல்லத்தின்ர கிளையிலேயும் ஆள் தேவையாம்" என்றார்.

"செலீனா."

"சொன்னதைத்தான் செய்யிறன்."

அந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால், காலையில் நடந்தது இல்லையென்று ஆகிவிடும். அத்தனை பேரின் ஜெபமும் கழன்றுவிடும். மேரிசெலின் வெளியே வரட்டும், அன்றைக்கே போய் எல்லாம் சொல்லிவிடுகிறேன் என்று எண்ணினார். ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார்வரை போனார்.

பங்குனி போனது, சித்திரை போனது. உறைபனி விட்டது, கிண்ணத்தைக் கழற்றிவிட்டார். வைகாசி நடுவில் போர் முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். சபையில் அந்த ஞாயிறு பாட்டு எடுக்க யாருக்கும் குரல் வரவில்லை. நீக்கிலாஸ் அண்ணை இடம்பெயர்ந்தோர் முகாம்களிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியையும் கேட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் அழைப்பெடுத்து, ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனியில் மேரிசெலினின் கணவர் முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில் பேசினார். அவரும் மூத்த பையனும் இருக்கிறார்கள். மேரிசெலினும் சின்ன மகளும் இல்லை. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் குண்டு விழுந்ததாம்.

"எப்ப?" என்று கேட்டார் நீக்கிலாஸ் அண்ணை.

"மாசி நடுவில அத்தான்."

"எப்ப எண்டனீங்கள்?"

"மாசியில. நடுப்பகுதி. பூசை ஒப்புக்கொடுக்கிறதெண்டா சரியான நாளைக் கேட்டுச் சொல்லுறன்."

"தேவையில்லை" என்றார்.

அவர் எழும்பிப் பேசியது பங்குனியில். அதற்கு முன்பே மேரிசெலின் மண்ணுக்குள் போய்விட்டார். தவமணி அக்கா சப்பாத்து மாட்டும் இடத்தில் அவரை மறித்த நாட்களில், செலீனா அக்கா கானின் மூடியைத் திறந்த நாட்களிலேயே அங்கே எல்லாம் முடிந்துபோனது. மண்டபம் முழுவதும் அழுது ஜெபித்த அந்தக் காலையில் கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

சாவுச் செய்தி கேட்டுச் சபையே வீட்டுக்கு வந்தது. தவமணி அக்கா பெரிய பானையில் சோறு கொண்டுவந்தார். அவருடைய தம்பியைப் பற்றித் தகவல் இல்லை. ஆனால் தம்பியின் மனைவியும் பிள்ளைகளும் சித்திரையில் வெளியே வந்து முகாமில் இருந்தார்கள். அவர் நீக்கிலாஸ் அண்ணைக்கு முன்னால் நிலத்தில் அமர்ந்தார்.

"அண்ணை, நான் இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. நீங்கள் அண்டைக்கு எழும்பி நிண்டபடியால்தான் என்ர தம்பியின்ர பிள்ளையள் வெளியில வந்தவை. உங்கட தங்கச்சி ஆண்டவரிட்டப் போயிட்டா. ஆனா நீங்கள் உடைஞ்சது வீண்போகேல்லை. என்ர வீட்டுக்கு அது உயிர்."

நீக்கிலாஸ் அண்ணை சோற்றுப் பானையைப் பார்த்தார். எதைச் சொல்வது? நான் அன்றைக்குச் சொன்னது பொய் என்றால், அந்தப் பிள்ளைகள் எதனால் வந்தார்கள் என்று அந்த மனுசி எங்கே போய்த் தேடுவார்? தலையை மட்டும் ஆட்டினார். தவமணி அக்கா அதை ஆமென் என்று எடுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்ல மிஞ்சியிருந்தது செலீனா அக்கா மட்டும். ஆனிக் கடைசியில் நீக்கிலாஸ் அண்ணை தொடருந்து ஏறி ஒடென்சேக்குப் போனார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். குசினி மேசையில் அமர்ந்து செலீனா அக்காவிடம் ஒன்றும் விடாமல் சொன்னார். தான் குடிக்கவே இல்லை என்பதை, சங்கிலி ஜெபத்தில் யோசித்ததை, எழும்பியதை, பெட்டியைத் தூக்கும்போது வாயை மூடிக்கொண்டதை, மாசி நடுப்பகுதியை. வேண்டுமானால் இப்போதே ஹென்னிங்குக்கு அழைப்பெடுத்துக் கேள் என்று இலக்கத்தையும் சொன்னார்.

"வேண்டாம். நம்புறன்" என்றார் செலீனா அக்கா.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நம்பமாட்டார் என்றுதான் ஆயத்தப்படுத்திக்கொண்டு போயிருந்தார்.

"அப்ப வா. வீட்டை போவம்."

செலீனா அக்கா இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தார். கை நிற்கவில்லை.

"நீங்கள் குடிச்சிருந்தா நான் ஒருவேளை வந்திருப்பன்" என்றார். "குடியை எனக்குத் தெரியும். அது வரும், போகும், மல்லுக்கட்டலாம். ஆனா நீங்கள் பச்சைத் தண்ணியோட நிண்டு, தெளிஞ்ச புத்தியோட, என்னை அனுப்பிவிட்டீங்கள். நான் உங்களைக் குடிகாரன் எண்டு நினைச்சு ஒவ்வொரு நாளும் இஞ்ச அழுறன் எண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் விட்டீங்கள்."

"மேரிசெலினுக்காகத்தான் செலீனா."

"ஓம். எனக்கு விளங்குது. ஆனா நானும் இருந்தனான்தானே."

"இனி நான் என்ன செய்ய?"

"எனக்குத் தெரியாது." அவர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "பாஸ்டருக்குச் சொல்லப் போறீங்களோ?"

"தவமணிக்கு என்னெண்டு சொல்லுறது?"

"சொல்லேலாது" என்று செலீனா அக்காவே ஒப்புக்கொண்டார்.

சோபனா வேலையால் வந்து, கதவடியிலேயே டெனிஷில், அப்பா சாப்பிட நிற்கிறாரா என்று அம்மாவிடம் கேட்டாள். "நிக்கிறார்" என்றார் செலீனா அக்கா. மூன்று பேரும் இருந்து சாப்பிட்டார்கள். பஸ்களைப் பற்றியும் சோபனாவின் வேலை நேரம் மாறியதைப் பற்றியும் கதைத்தார்கள். சாப்பிட்ட கோப்பைகளை நீக்கிலாஸ் அண்ணைதான் கழுவினார். செலீனா அக்கா மீதிக் கறியை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்து, அதைச் சரித்துப் பிடிக்க வேண்டாம், குழம்பு சிந்திவிடும் என்றார். வாசல்வரை வந்தார். படியிறங்கும்போது அவர் திரும்பிப் பார்த்தார். கதவு மூடியிருக்கவில்லை. ஆனால் செலீனா அக்கா உள்ளே போய்விட்டார்.